நாக்குக்குத் தெரியாமல் உள்ளே போகும் சர்க்கரை

ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். ஒரு கோலா பாட்டிலைத் திறந்து, மூடி போடாமல், மேசை மேல் ஒரு நாள் முழுக்க வைத்துவிடுங்கள். குளிர்ச்சி போய்விடும், உள்ளே இருந்த வாயுவும் போய்விடும். மறுநாள் அதில் ஒரு வாய் குடியுங்கள். பாகு மாதிரி இனிக்கும். இரண்டாவது வாய்க்கு மனசு வராது. நேற்று ஜில்லென்று மடக் மடக்கென்று உள்ளே தள்ளியதும் இதே திரவம்தான். ராத்திரியோடு ராத்திரியாக யாரும் வந்து அதில் சர்க்கரை கொட்டவில்லை.

அப்படியென்றால் நேற்று அந்த இனிப்பு எங்கே ஒளிந்திருந்தது? மூன்று இடங்களில். முதலாவது குளிர்ச்சி. நாக்கில் இனிப்பை உணரும் செல்கள் குளிரில் மந்தமாகிவிடும். அதனால்தான் உருகிய ஐஸ்கிரீம் உறைந்த ஐஸ்கிரீமைவிடத் திகட்டுகிறது. இரண்டாவது வாயு. கரியமில வாயு நாக்கில் சுருக்கென்று குத்தும்போது கவனம் அந்தப் பக்கம் போய்விடுகிறது. மூன்றாவது அமிலம். கோலாவில் பாஸ்பாரிக் அமிலம், மற்ற பெரும்பாலான குளிர்பானங்களில் சிட்ரிக் அமிலம். புளிப்பு ஏற ஏற இனிப்பு அடங்கித் தெரியும். ஒரு தம்ளர் வெறும் தண்ணீரில் ஒன்பது டீஸ்பூன் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தால் யாரும் குடிக்க மாட்டார்கள். அதிலேயே எலுமிச்சையைப் பிழிந்து, ஐஸ் போட்டு, வாயு ஏற்றிக் கொடுத்தால் இன்னொரு தம்ளர் கேட்பார்கள்.

குளிர்பானத்தை விஷம் என்று சொல்வது எனக்குப் பிடிக்காது. கழிப்பறை கழுவலாம், ஆணியைக் கரைக்கலாம் என்று செல்பேசியில் சுற்றி வரும் பயமுறுத்தல்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை. நம் வயிற்றில் சுரக்கும் அமிலம் கோலாவைவிடக் கடுமையானது. அதற்குப் பழகிய வயிறு இதைக் கண்டு அஞ்சப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. எவ்வளவு உள்ளே வந்தது, போதுமா, ஓய்வு வேண்டுமா என்று உடம்பு எப்போதும் ஒரு கணக்கு எழுதிக்கொண்டே இருக்கிறது. சர்க்கரைப் பானமும் எனர்ஜி டிரிங்கும் அந்தக் கணக்கில் ஏறாமல் உள்ளே போய்விடுகின்றன. நாக்கை ஏமாற்றுவது அதில் முதல் படி மட்டும்தான்.

ஒரு பாட்டிலில் எவ்வளவு?

சாதாரண கோலாவில் 100 மி.லி.க்கு ஏறத்தாழ 10.6 கிராம் சர்க்கரை இருக்கிறது. 330 மி.லி. கேன் ஒன்றில் 35 கிராம். ஒரு டீஸ்பூன் 4 கிராம் என்று வைத்தால், கிட்டத்தட்ட ஒன்பது டீஸ்பூன். 500 மி.லி. பாட்டிலில் 53 கிராம், அதாவது பதின்மூன்று டீஸ்பூன். எனர்ஜி டிரிங்கும் இதே ரகம்தான். 250 மி.லி. சிறிய கேனில் சுமார் 27 கிராம், 500 மி.லி. பெரிய கேனில் 55 கிராம் வரை.

இதை எதோடு ஒப்பிடுவது? உலக சுகாதார நிறுவனம் 2015-இல் ஒரு வரையறை சொன்னது. ஒரு நாளில் நமக்குக் கிடைக்கும் கலோரியில் 10 சதவீதத்துக்குக் கீழேதான் சர்க்கரையிலிருந்து வர வேண்டும், 5 சதவீதத்துக்குள் நின்றால் இன்னும் நல்லது என்றது. நாளைக்கு 2000 கலோரி சாப்பிடுகிறவருக்கு இது 50 கிராம், 25 கிராம் என்று வரும். முழுப் பழத்திலும் பாலிலும் இயற்கையாக இருக்கும் சர்க்கரை இந்தக் கணக்கில் சேராது. தேன் சேரும். பழச்சாறும் சேரும். அரை லிட்டர் பாட்டில் ஒன்றைக் குடித்துவிட்டால் அன்றைய மேல்வரம்பு அங்கேயே தாண்டியாயிற்று. அதற்கப்புறம் காபி, பிஸ்கட், ஜாம், சாஸ் என்று வருவதெல்லாம் அதற்கு மேல்.

பாட்டிலின் அளவையும் சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரபலமான, இடுப்பு வளைந்த அந்தக் கண்ணாடி கோலா பாட்டிலின் கொள்ளளவு ஆறரை அவுன்ஸ், அதாவது 200 மி.லி.கூட இல்லை. அன்று ஒருவருக்கு அது போதுமாக இருந்தது. இன்று ஒரு ஆள் குடிக்கும் பாட்டில் என்று நினைத்து நாம் கையில் எடுப்பது அரை லிட்டர். பாட்டில் வளர்ந்துகொண்டே போனது. நம் மனக்கணக்கு மட்டும் ‘ஒரு பாட்டில்தானே’ என்ற இடத்திலேயே நின்றுவிட்டது.

குடித்தது வயிற்றில் பதிவாவதில்லை

சர்க்கரை எந்த வடிவில் வந்தாலும் சர்க்கரைதானே, மிட்டாயாகத் தின்றால் என்ன, பானமாகக் குடித்தால் என்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகத்தில் இதையே சோதித்துப் பார்த்து, 2000-ஆம் ஆண்டு முடிவை வெளியிட்டார்கள். 15 பேர். தினமும் 450 கலோரிக்கு நிகரான சர்க்கரையை நான்கு வாரம் ஜெல்லி மிட்டாயாகத் தின்ன வேண்டும், இடைவெளி விட்டு இன்னொரு நான்கு வாரம் அதே 450 கலோரியைக் குளிர்பானமாகக் குடிக்க வேண்டும். மற்ற சாப்பாடு அவரவர் விருப்பம்.

மிட்டாய் தின்ற வாரங்களில் அவர்கள் தங்களை அறியாமலே மற்ற சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார்கள். மொத்தக் கலோரி ஏறவில்லை. பானம் குடித்த வாரங்களில் சாப்பாட்டில் ஒரு வாய்கூடக் குறையவில்லை. குடித்தது அப்படியே மேல்கணக்காகச் சேர்ந்தது, எடையும் கூடியது. சிறிய ஆய்வுதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இதைப் படித்த பிறகுதான், சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டில் குடித்துவிட்டும் தட்டு நிறையச் சாப்பிட என்னால் எப்படி முடிந்தது என்பது எனக்குப் புரிந்தது.

மெல்லும்போது நேரம் ஆகிறது. வயிறு விரிகிறது. குடலிலிருந்து ‘போதும்’ என்று சொல்லும் ஹார்மோன்கள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. திரவம் இந்த வரிசையில் நிற்பதே இல்லை. வயிற்றை விட்டு வேகமாக இறங்கிவிடும். 

முழுப் பழத்துக்கும் சாற்றுக்கும் உள்ள வித்தியாசமும் இதுதான். மூன்று ஆரஞ்சைத் தொடர்ந்து உரித்துத் தின்றால் தாடை வலிக்கும், வயிறு நிரம்பும். அதே மூன்றைப் பிழிந்தால் ஒரே தம்ளர், அரை நிமிட வேலை. நார்ச்சத்து குப்பைத் தொட்டிக்குப் போய்விட்டது. ‘பழச்சுவை’ என்று மட்டும் எழுதியிருக்கும் பானங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், அவற்றில் பழத்தின் படம்தான் பெரிது.

கல்லீரலின் வேலை

நாம் சர்க்கரை என்று சொல்வது குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் கைகோத்த ஒரு ஜோடி. குடலில் இரண்டும் பிரிந்துவிடும். குளுக்கோஸுக்கு ஊரெல்லாம் சொந்தம். மூளை, தசை என எல்லாச் செல்களும் அதை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும், தசை போன்ற இடங்களில் அதற்கு வழிவிட இன்சுலின் இருக்கிறது. ஃப்ரக்டோஸின் கதை வேறு. அதன் பெரும்பகுதியைக் கல்லீரல்தான் சமாளிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் அதற்குச் சிரமமில்லை. ஒரு பெரிய பாட்டில் ஐந்து நிமிடத்தில் காலியானால் 25 கிராமுக்கு மேல் ஃப்ரக்டோஸ் ஒரே மூச்சில் வந்து இறங்குகிறது. உடனே செலவழிக்க முடியாததைக் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பில் கொஞ்சம் ரத்தத்துக்குப் போய் டிரைகிளிசரைடாகச் சுற்றும். மீதி கல்லீரலிலேயே தங்கிவிடும்.

டென்மார்க்கில் அதிக எடை கொண்ட 47 பேரை வைத்துச் செய்து 2012-இல் வெளியான ஆய்வில் இது தெளிவாகத் தெரிந்தது. நான்கு குழுக்கள். ஆறு மாதம், தினமும் ஒரு லிட்டர். ஒரு குழுவுக்குச் சர்க்கரை போட்ட கோலா, இன்னொன்றுக்குப் பால், மூன்றாவதற்குச் சர்க்கரையில்லாத கோலா, நான்காவதற்குத் தண்ணீர். கோலா குடித்தவர்களின் கல்லீரலில் கொழுப்பு மற்ற மூன்று குழுக்களையும்விட வெகுவாக ஏறியிருந்தது, வயிற்று உறுப்புகளைச் சுற்றிய கொழுப்பும் ஏறியிருந்தது. இதில் கவனிக்க வேண்டியது பால் குழுவை. பாலிலும் கோலாவிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் பால் குடித்தவர்களுக்கு அப்படி ஆகவில்லை. கலோரியை எண்ணினால் மட்டும் போதாது, அது எதிலிருந்து வருகிறது என்றும் பார்க்க வேண்டும்.

மது தொடாதவருக்குக் கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் வந்தால் வீட்டில் எல்லோரும் விழிப்பார்கள். பல நேரம் விடை குளிர்சாதனப் பெட்டியின் கதவிலேயே நின்றுகொண்டிருக்கும்.

ஃப்ரக்டோஸ் உடைபடும்போது யூரிக் அமிலமும் அதிகமாக உண்டாகிறது. அது மூட்டில் படிகமாகப் படிந்தால் கவுட் என்னும் வாதம், பெரும்பாலும் கால் கட்டைவிரலில் தொடங்கும். போர்வை பட்டால்கூட உயிர் போகிற வலி. தினம் இரண்டு அல்லது அதற்கு மேல் சர்க்கரைப் பானம் குடித்த ஆண்களுக்கு, மாதம் ஒன்றுகூடக் குடிக்காதவர்களைவிட இந்நோய் வரும் வாய்ப்பு 85 சதவீதம் கூடுதலாக இருந்ததை 2008-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. சர்க்கரையில்லாத பானம் குடித்தவர்களிடம் அந்த உறவு தெரியவில்லை.

சரி, எல்லோருக்கும் தெரிந்த பெயருக்கு வருவோம். இரண்டாம் வகைச் சர்க்கரை நோய். நாள்தோறும் ஒன்றிரண்டு பானம் குடிப்பவர்களுக்கு, அறவே குடிக்காதவர்கள் அல்லது எப்போதாவது குடிப்பவர்களைவிட இந்நோய் வரும் வாய்ப்பு 26 சதவீதம் அதிகம் என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010-ஆம் ஆண்டுக் கணக்கு சொல்கிறது. இதற்குப் பாதை இரண்டு. எடை கூடுவது ஒன்று. இன்னொன்று, கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு ஏற ஏற இன்சுலினின் பேச்சு அங்கே எடுபடாமல் போவது. கணையம் இன்னும் இன்னும் என்று இன்சுலினைச் சுரந்து தள்ளும், ஒரு நாள் ஓய்ந்துவிடும். 184 நாடுகளின் தரவுகளை எடுத்துக்கொண்டு 2025-இல் வந்த மதிப்பீட்டின்படி, 2020 என்ற ஒரே ஆண்டில் உலகில் புதிதாக வந்த சர்க்கரை நோய்களில் சுமார் 22 லட்சத்துக்கும், இதய ரத்தநாள நோய்களில் சுமார் 12 லட்சத்துக்கும் சர்க்கரைப் பானங்களே காரணம்.

பிள்ளைகள் விஷயத்தில் நெதர்லாந்து ஆய்வு ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. 641 பிள்ளைகள், ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குள். தினம் 250 மி.லி. கேன் ஒன்று. பாதிப் பேருக்குச் சர்க்கரை போட்டது, மீதிப் பேருக்குச் சர்க்கரையில்லாதது. எது யாருக்கு என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. பதினெட்டு மாதம் கழித்துப் பார்த்தால், சர்க்கரை குடித்த பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சராசரியாக ஒரு கிலோ கூடுதலாக எடை ஏறியிருந்தார்கள். வேறு எதையும் மாற்றவில்லை, நாளைக்கு ஒரு சின்ன கேன், அவ்வளவுதான்.

பல்லுக்கு இரட்டை அடி

பல்லின் மேல் தோடான எனாமல், அமிலத்தை அளக்கும் பிஎச் அளவுகோலில் வாய் 5.5-க்குக் கீழே இறங்கினால் கரையத் தொடங்கும். இதில் எண் குறையக் குறைய அமிலம் அதிகம். கோலாவின் பிஎச் சுமார் 2.5. மூன்று புள்ளிதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் ஒரு புள்ளி இறங்கினால் அமிலம் பத்து மடங்கு. மூன்று புள்ளி என்றால் ஆயிரம் மடங்கு. இது முதல் அடி. இரண்டாவது, வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் அந்தச் சர்க்கரையைத் தின்று தாங்களும் அமிலத்தைக் கக்குவது.

ஆனாலும் உமிழ்நீர் லேசுப்பட்டதல்ல. அரை மணி நேரம் போல அவகாசம் கொடுத்தால் அமிலத்தைச் சமன்செய்து, கரைந்த தாதுக்களையும் ஓரளவு திரும்பப் பூசிவிடும். அந்த அவகாசத்தைத்தான் நாம் கொடுப்பதில்லை. பாட்டிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளையாட்டோ படிப்போ வேலையோ, பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் என்று மூன்று மணி நேரம் உறிஞ்சினால் பல்லுக்கு அந்த மூன்று மணி நேரமும் அமிலக் குளியல். குடிப்பதாக இருந்தால் சாப்பாட்டோடு ஒரே தடவையில் குடித்து முடித்துவிடுவது பல்லுக்கு நல்லது. குடித்த கையோடு பல் துலக்குவதும் தவறு. மிருதுவாகிக் கிடக்கும் எனாமலைத் தேய்த்தே எடுத்துவிடுவோம். தண்ணீரால் கொப்பளித்துவிட்டுக் காத்திருங்கள்.

வயிற்றுப்போக்கு வந்த குழந்தைக்குத் ‘தெம்பு வரட்டும்’ என்று குளிர்பானம் கொடுப்பவர்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் உப்பு சர்க்கரைக் கரைசலில் லிட்டருக்கு 13.5 கிராம்தான் குளுக்கோஸ், கூடவே அளவான உப்புகள். கோலாவில் லிட்டருக்கு 106 கிராம் சர்க்கரை, உப்போ பெயருக்குத்தான். இவ்வளவு செறிவான சர்க்கரை குடலுக்குள் போனால் உடம்பிலிருக்கும் நீரைக் குடல் பக்கம் இழுத்து, போக்கை இன்னும் மோசமாக்கும்.

எனர்ஜி டிரிங்க்: கடன் வாங்கிய விழிப்பு

தாய்லாந்தில் லாரி ஓட்டுநர்களும் தொழிலாளர்களும் குடித்துக்கொண்டிருந்த ஒரு பானத்தை ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஒரு வியாபாரி மாற்றி அமைத்து, 1987-இல் ரெட் புல் என்று விற்கத் தொடங்கினார். அதன் பின்னர்தான் இந்த வகை உலகமெங்கும் பரவியது. உடல் களைப்பை வெல்ல வேண்டியவர்களின் பானம், தேர்வுக்குப் படிப்பவர்களின் கைக்கும் ராத்திரி விளையாடும் பதின்வயதினரின் கைக்கும் வந்து சேர்ந்தது.

கேனில் எழுதியிருக்கும் பட்டியல் நீளமானது. டாரின், குளுக்குரோனோலாக்டோன், பி வைட்டமின்கள், ஜின்செங், குவாரனா. வேலை செய்வது இரண்டே இரண்டு, சர்க்கரையும் காஃபீனும். டாரினை நம் உடம்பே தயாரிக்கிறது, இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது. அது தனியாகத் தெம்பு தரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பி வைட்டமின் குறைவில்லாதவருக்கு மேற்கொண்டு கொடுத்தால் பெரும்பகுதி சிறுநீரில் போய்விடும். குவாரனா விஷயத்தில் மட்டும் உஷாராக இருக்க வேண்டும். மூலிகை மாதிரி தொனிக்கும் அந்த விதையில் இருப்பதும் காஃபீன்தான்.

காஃபீன் எப்படி வேலை செய்கிறது? விழித்திருக்கும் ஒவ்வொரு மணி நேரமும் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது மூளை செல்களில் தனக்கென்று இருக்கும் இருக்கையில் போய் உட்கார்ந்தால் நமக்குக் களைப்பு தெரியும், கண் சொருகும். காஃபீனின் உருவம் கிட்டத்தட்ட அடினோசின் மாதிரியே இருக்கும். அது முந்திக்கொண்டு போய் அந்த இருக்கையில் துண்டு போட்டுவிடுகிறது. அடினோசின் நின்றுகொண்டே இருக்கிறது. களைப்பு எங்கேயும் போகவில்லை, களைப்பைப் பற்றிய தகவல்தான் நின்றுபோனது. காஃபீன் எழுந்து போனதும், அதுவரை காத்துநின்ற அடினோசின் மொத்தமும் வந்து உட்காரும். முன்பைவிட அசதியாக இருக்கும். அதைப் போக்க அடுத்த கேன். கடனை அடைக்க இன்னொரு கடன்.

அளவைப் பார்ப்போம். 250 மி.லி. சிறிய கேனில் பொதுவாக 80 மில்லிகிராம் காஃபீன், 500 மி.லி. கேனில் 160. உடம்பில் பாதி கழிய ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஆறு மணிக்குப் பெரிய கேனைக் குடித்தால் பதினொரு மணிக்கு இன்னும் 80 மில்லிகிராம் ரத்தத்தில் இருக்கும். படுக்கப் போகும்போது ஒரு சிறிய கேனைக் குடித்துவிட்டுப் படுப்பதற்குச் சமம். ‘எனக்கு அப்படியெல்லாம் தூக்கம் கெடாது’ என்பவர்கள் உண்டு. தூங்கிவிடுவார்கள்தான். ஆழ்ந்த தூக்கம் குறைந்திருப்பது காலையில் தெரியும், அந்தக் காலைக்கும் ஒரு கேன் தயாராக இருக்கும்.

ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2015-இல் சொன்ன கணக்கு இது. ஆரோக்கியமான பெரியவருக்கு ஒரே நேரத்தில் 200 மில்லிகிராமும் நாள் முழுக்க 400 மில்லிகிராமும் வரை கவலையில்லை. கர்ப்பிணிகளுக்கு நாளைக்கு 200. பிள்ளைகளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராம். 30 கிலோ எடையுள்ள ஒரு பிள்ளைக்கு இது 90 என்று வரும். சிறிய கேன் ஒன்றே கிட்டத்தட்ட அந்த வரம்பைத் தொட்டுவிடுகிறது, பெரியது ஏறத்தாழ இரண்டு மடங்கு. அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் கழகம் 2011-இலேயே, பிள்ளைகளின் உணவிலும் பதின்வயதினரின் உணவிலும் எனர்ஜி டிரிங்குக்கு இடமே இல்லை என்று சொல்லிவிட்டது. பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்பதை லிதுவேனியா 2014-லும் லாட்வியா 2016-லும் போலந்து 2024-லும் தடை செய்தன.

காபியிலும் இதே காஃபீன்தானே என்பது வழக்கமாக வரும் பதில். ஒரு பெரிய கோப்பை காபியில் சிறிய கேன் அளவுக்குக் காஃபீன் இருப்பது உண்மைதான். ஆனால் சூடான, கசப்பான காபியை யாரும் நின்ற நிலையில் அரை லிட்டர் குடிப்பதில்லை. குளிர்ந்த, இனிப்பான கேனை அப்படிக் குடிக்கிறார்கள், ஒன்றன்பின் ஒன்றாக. எனர்ஜி டிரிங்க் இதயத்தைத் தொந்தரவு செய்வதற்குக் காஃபீன் மட்டும்தான் காரணமா என்ற சந்தேகமும் இருக்கிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில் 18 ஆரோக்கியமான இளையவர்களுக்கு ஒரு தடவை ஏறத்தாழ ஒரு லிட்டர் எனர்ஜி டிரிங்கும், இன்னொரு தடவை அதே 320 மில்லிகிராம் காஃபீன் மட்டும் கலந்த பானமும் கொடுத்தார்கள். எனர்ஜி டிரிங்க் குடித்த தடவையில், இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு மின்னளவில் தயாராக எடுத்துக்கொள்ளும் நேரம் ஈசிஜியில் 10 மில்லி விநாடி நீண்டிருந்தது. ரத்த அழுத்தமும் ஆறு மணி நேரம் கழித்தும் முழுதாக இறங்கவில்லை. பெரும்பாலானவர்களுக்கு இதனால் ஒன்றும் ஆகாமல் போகலாம். பிறவியிலேயே இந்த நேரம் நீண்டிருக்கும் சிலருக்கு, அது தங்களுக்கு இருப்பதே தெரியாமலிருக்கும்போது, இதயத் துடிப்பு தாறுமாறாகும் ஆபத்து நிஜமானது.

மதுவோடு கலப்பது இன்னும் மோசம். மது மயக்கும், காஃபீன் அந்த மயக்கத்தை மறைக்கும். குடித்தவர் தெளிவாக இருப்பதாக நினைத்துக்கொண்டு மேலும் குடிப்பார், சிலர் வண்டியையும் எடுப்பார். ரத்தத்தில் மதுவின் அளவு ஒரு துளியும் குறைந்திருக்காது. காஃபீன் சேர்த்த மதுபானங்களை விற்ற நான்கு நிறுவனங்களுக்கு அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது இதனால்தான். கடும் உடற்பயிற்சிக்கு முன்னால் குடிப்பதும் வேண்டாம். விளையாட்டு வீரர்களின் உப்புக் கலந்த பானமும் எனர்ஜி டிரிங்கும் ஒன்றல்ல, பெயர்தான் குழப்புகிறது.

சர்க்கரையில்லாதது பரவாயில்லையா?

ஓரளவு பரவாயில்லை. தினம் ஒரு லிட்டர் சர்க்கரைப் பானம் குடிப்பவர் சர்க்கரையில்லாததற்கு மாறினால் கல்லீரலுக்கும் எடைக்கும் நிச்சயம் லாபம், மேலே சொன்ன டென்மார்க், நெதர்லாந்து ஆய்வுகளே அதற்குச் சாட்சி. ஆனால் அமிலம் அப்படியே இருக்கும், காஃபீனும் இருக்கும். எடை குறைக்கும் வழியாகச் செயற்கை இனிப்புகளை நம்ப வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் அறிவுறுத்தியது. அதே ஆண்டு அஸ்பர்டேம் என்ற செயற்கை இனிப்பு ‘புற்றுநோயை உண்டாக்கக்கூடும்’ என்ற பட்டியலில் சேர்ந்ததும் பெரிய அமளி எழுந்தது. சான்று குறைவாக உள்ளவற்றுக்கான பட்டியல் அது. கூடவே வந்த இன்னொரு நிபுணர் குழுவின் அறிக்கை, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றத் தேவையில்லை என்றது. அந்த வரம்பைத் தொட ஒரு பெரியவர் தினம் பல கேன்கள் குடிக்க வேண்டியிருக்கும். மாறுவதற்கு ஒரு படிக்கட்டாக இதைப் பயன்படுத்துங்கள், அங்கேயே குடித்தனம் போட வேண்டாம் என்பது என் கருத்து.

கடையில் நிற்கும்போது ஒரே ஒரு எண்ணைப் பாருங்கள். 100 மி.லி.க்கு எத்தனை கிராம் சர்க்கரை? அதைப் பாட்டிலின் மி.லி. அளவோடு பெருக்கி, நூறால் வகுத்தால் மொத்தக் கிராம், அதை நான்கால் வகுத்தால் டீஸ்பூன் கணக்கு வந்துவிடும். ‘ஒரு பரிமாறலுக்கு’ என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், பாட்டிலையே இரண்டு மூன்று பரிமாறல்களாகப் பிரித்திருப்பார்கள். பிரிட்டன் 2018-இல் சர்க்கரைப் பானங்களுக்கு வரி போட்டபோது 100 மி.லி.க்கு 5 கிராம், 8 கிராம் என்று இரண்டு கோடு கிழித்தது. வரி வருவதற்கு முன்பே பல நிறுவனங்கள் சர்க்கரையை ஐந்துக்குக் கீழே இறக்கிவிட்டன. குறைத்தால் விற்காது என்று அதுவரை சொன்னவர்கள்தான். பொருள் பட்டியலில் டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருப்பதெல்லாம் சர்க்கரையின் உறவுக்காரர்கள்.

விட நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். எனர்ஜி டிரிங்கோ கோலாவோ தினமும் குடித்துப் பழகியவர் ஒரேயடியாக நிறுத்தினால் அரை நாளிலிருந்து ஒரு நாளுக்குள் தலைவலி தொடங்கும். அடுத்த ஒன்றிரண்டு நாள் உச்சம், சிலருக்கு ஒன்பது நாள் வரை இழுக்கும். எரிச்சல், தூக்கக் கலக்கம் எல்லாம் கூடவே வரும். அது காஃபீனை உடம்பு தேடுவது, நோய் அல்ல. நான் எனர்ஜி டிரிங்கை விட்டபோது முதல் தடவை இது தெரியாமல், காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்து, மூன்றாம் நாளே மறுபடி ஒரு கேனைத் திறந்துவிட்டேன். இரண்டாம் தடவை பெரிய கேனிலிருந்து சிறியதற்கு, சிறியதிலிருந்து ஒரு நாள் விட்டு ஒரு நாளுக்கு என்று மூன்று வாரத்தில் இறங்கினேன். தலைவலி எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

நெஞ்சு படபடப்பு, மயக்கம், துடிப்பு தப்பித் தப்பி வருவது போன்ற உணர்வு இருந்தால் இப்படி நீங்களே சமாளித்துக்கொண்டிருக்கக் கூடாது, மருத்துவரிடம் போங்கள். புகை உண்டா, மது உண்டா என்று கேட்பார்கள். எனர்ஜி டிரிங்க் பற்றிக் கேட்காமல் விட்டுவிடலாம். நாளைக்கு எத்தனை கேன், எத்தனை மி.லி., கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்பதை நீங்களாகவே சொல்லிவிடுங்கள்.